எப்பாவலையிலிருந்து சுன்னாகம் வரை

2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரம். ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. தென்மராட்சியில் சண்டை ஓயவில்லை. அவசரகால விதிகளின் கீழ்ப் பத்திரிகைத் தணிக்கை நடைமுறையில் இருந்தது. கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையில் அன்று நான் உள்நாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உதவி ஆசிரியன். நீதிமன்ற நிருபர் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் சுருக்கத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். (தமிழக வாசகர்களின் கவனத்திற்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகும்.) அநுராதபுர மாவட்டத்து எப்பாவல என்னும் கிராமத்தைச் சேர்ந்த எழுவர் அரசாங்கத்துக்கும் அமெரிக்கக் கம்பனியொன்றுக்கும் எதிராகத் தொடுத்த வழக்கில் வெற்றி பெற்றிருந்தனர். "பெரிய தீர்ப்பு ஐயா, கொஞ்சம் விரிவாகப் போடலாம்" என்றார் நிருபர். நான் பன்னிரண்டு வரிகளுக்குள் சுருக்கி உள்பக்கத்தின் அடியில் போட்டேன். எங்கள் மக்கள் பதுங்குகுழிகளில் இருக்கும்போது சிங்களக் கிராமமொன்றின் வாய்க்கால் பற்றிய வழக்குக்கு இடமேது என்பதே அன்றைய என் எண்ணம்.

அந்த எண்ணம் தவறானது என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

வழக்கின் நடுவே இருந்தது ஜய கங்கை. சிங்களத்தில் 'யோத எல' என்றும் வழங்கப்படுகிறது. பெயரில் கங்கை இருந்தாலும் இது ஆறன்று. மனிதர் வெட்டிய கால்வாய். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட தாதுசேனன் கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டுவித்து, அதன் நீரை அநுராதபுர நகரின் திஸ்ஸவெவவுக்குக் கொண்டு செல்ல அமைத்தது என்பது வரலாற்று மரபு. நீளம் ஏறத்தாழ 54 மைல். முதல் 17 மைல் தூரத்தில் மைலொன்றுக்கு ஆறு அங்குலம் மட்டுமே சரிவு. நிலமட்டம் அளக்கும் நவீன கருவிகள் எவையுமின்றி, ஒரு மைலுக்கு ஒரு சாண் அளவுகூட இறங்காத வண்ணம் நீரோட்டத்தை வகுத்த அந்தப் பெயரறியாத மனிதர்களை நினைக்கும்போது எமது பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்கள்மீதுகூட எனக்குச் சற்று மதிப்புக் குறைந்துவிடுகிறது.

இக்கால்வாயின் உண்மையான சிறப்பு வேறொன்று. இதற்கு ஒரு கரைதான் உண்டு. தாழ்ந்த பக்கத்தில் மண்ணணை. உயர்ந்த பக்கத்தில் அணை எதுவும் இல்லை. நீர் அந்தப் பக்கம் நிலத்தின் இயல்பான வளைவுகளுக்கேற்பப் பரந்து ஆங்காங்கே சிறு தேக்கங்களாக நிற்கிறது. மேட்டு நிலத்தில் பெய்யும் மழையும் தடையின்றி இதற்குள் வந்து சேர்கிறது. ஓட்டம் மெதுவாக இருப்பதால் கரை அரிக்கப்படுவதில்லை. தாழ்ந்த பக்கத்திலோ வழிநெடுகிலும் கிராமக் குளங்கள். அவற்றின் கீழ் வயல்கள். ஆகவே இது ஓரிடத்தில் நீரை வாங்கி இன்னோரிடத்தில் கொட்டும் குழாய் போன்றதன்று. வழியிலுள்ள ஒவ்வொரு ஊருடனும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஓர் உயிரோட்டமான அமைப்பு. இதன் நடுவில் சில மைல்களை மட்டும் வெட்டியெடுத்து வேறு வழியாகத் திருப்பிவிட முடியாது. அவ்வாறு திருப்பினால் மிஞ்சுவது வெறும் வாய்க்கால்தான். 1880களில் பிரித்தானியர் கலாவெவவையும் இக்கால்வாயையும் புனரமைத்தனர். 1970களின் பிற்பகுதியில் மகாவலி நீரும் கலாவெவவை வந்தடைந்தது. இடையில் காடு மூடிக் கிடந்த காலத்தை விட்டால் பதினைந்து நூற்றாண்டுப் பழைமையுடைய பயன்பாட்டுச் சின்னம் இது.

தாதுசேனன் என்ற பெயர் தமிழ் வாசகர் சிலருக்கு நெருடலாக இருக்கலாம். அநுராதபுரத்தைக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட தமிழ் மன்னர் அறுவரின் ஆட்சியை முடித்து வைத்தவன் அவன். (அந்த அறுவருள் சிலர் பௌத்த நிறுவனங்களுக்குத் தானம் வழங்கியமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. பாடநூல்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை.) அவனது முடிவும் துயரமானது. மகன் காசியப்பன் சிறைப்பிடித்து, ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டபோது தாதுசேனன் கலாவெவவுக்கு அழைத்துச் செல்லுமாறு கூறி, குளத்து நீரைக் கையில் அள்ளி இதுவே என் செல்வம் முழுவதும் என்றானாம். அதன் பின்னரே அவன் கொல்லப்பட்டான் என்கிறது சூளவம்சம்.

கலாவெவ நீரே செல்வம் என்று மன்னன் சொன்ன நிலத்தின் அடியில் வேறொரு செல்வம் இருப்பது 1971இல் தெரியவந்தது. புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் எப்பாவலக் குன்றுகளில் அப்பற்றைற்று என்னும் பொஸ்பேற்றுக் கனியப் படிவைக் கண்டறிந்தது. உறுதிப்படுத்தப்பட்ட இருப்பு 250 இலட்சம் தொன்; அனுமானிக்கப்பட்ட இருப்பு மேலும் 350 இலட்சம் தொன். பசளை உற்பத்திக்கு இது அடிப்படைப் பொருள். அரச கம்பனியொன்று ஆண்டுதோறும் சில பத்தாயிரம் தொன் அளவில் தோண்டியெடுத்துத் தூளாக்கி, தேயிலை, றப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு விற்றுவந்தது. நீரில் எளிதில் கரையாத தன்மையால் நெல்லுக்கு இத்தூள் அதிகம் பயன்படாது. அமிலத்துடன் சேர்த்துப் பதப்படுத்தினால்தான் கரையும் பசளையாக்கலாம்.

1990களில் அரசாங்கம் பிறீபோட் மக்மொரான், ஐ.எம்.சி. அக்றிக்கோ ஆகிய அமெரிக்க நிறுவனங்களுடன் பேச்சு நடத்தி முதலீட்டு ஒப்பந்த நகலொன்றைத் தயாரித்தது. 56 சதுர கிலோமீற்றர் ஆய்வுப் பரப்பு. அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றர் அகலத்துக்குத் தாங்கு வலயம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 800 சதுர கிலோமீற்றர். முப்பது ஆண்டுகளில் 261 இலட்சம் தொன் கனியத்தை அகழ்ந்தெடுக்க அனுமதி. அதாவது பல நூறு ஆண்டுகளுக்குப் போதுமான உறுதிப்படுத்தப்பட்ட இருப்பு ஒரு தலைமுறைக்குள் தீர்ந்துவிடும். ஏறத்தாழ 2,600 குடும்பங்கள், 12,000 பேர், நிரந்தரமாக இடம்பெயர நேரிடும் என்பது மனுதாரரின் கணக்கு. ஜய கங்கையின் ஒரு பகுதியும், குளங்களும், பழைய விகாரைகளும் இப்பரப்புக்குள்ளேயே இருந்தன.

பதப்படுத்தும் தொழிற்சாலை எங்கே அமையவிருந்தது தெரியுமா? திருகோணமலையில். கந்தக அமிலமும் பொஸ்போரிக் அமிலமும் அங்கேதான் உற்பத்தியாகவிருந்தன. ஒரு தொன் பொஸ்போரிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஐந்து தொன் ஜிப்சக் கழிவு மிஞ்சும் என்பது அத்தொழிலில் சாதாரணமாகக் கூறப்படும் கணக்கு. 1994இல் புளோரிடாவில் இதே ஐ.எம்.சி. அக்றிக்கோவின் ஜிப்சக் கழிவுக் குன்றொன்றில் பெரும் புதைகுழி திறந்து, கழிவு நிலத்தடி நீருக்குள் இறங்கியது. இவ்வளவும் தெரிந்திருந்தும் திருகோணமலைக் குடாவின் கதி என்னாகும் என்று நான் ஒரு வரி எழுதியதில்லை. எம்மில் எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எப்பாவல சிங்களவரின் பிரச்சினை. திருகோணமலை என்றால் குடியேற்றமும் கடற்படையுமே செய்தி.

எப்பாவல மக்கள் அவ்வாறு இருந்துவிடவில்லை. ஒப்பந்தத்தின் விவரங்கள் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தபோதே ஊரில் செய்தி பரவிற்று. கல்கந்த புராண விகாரையின் விகாராதிபதி முன்னின்றார். நெல் விவசாயிகள், பால்மாடு வளர்ப்போர், தென்னந்தோட்டக்காரர் என்று பலதரப்பட்டோர் பாதுகாப்புக் குழுவாகத் திரண்டனர். கூட்டங்களும் ஊர்வலங்களும் நடைபெற்றன. கொழும்பிலிருந்தும் பேராதனையிலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து, கனியத்தின் தரமும் அளவும் முழுமையாக ஆராயப்படாமலே விற்கப்படப் போவதை விளக்கினர். தேசிய விஞ்ஞான அக்கடமியும் தேசிய விஞ்ஞான மன்றமும்கூட இத்திட்டத்தில் அவசரம் காட்டலாகாது என்ற கருத்தையே முன்வைத்தன.

இந்த இயக்கத்தில் சிங்கள பௌத்த தேசியவாதத்தின் குரல் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தாதுசேன மன்னனின் வாரிசுகள் நாம் என்ற முழக்கம் மேடைகளில் ஒலித்தது. வேறு விடயங்களில் எமக்கு எதிரான நிலைப்பாடு கொண்டவர்கள் சிலரும் அம்மேடைகளில் ஏறினர். அன்று நான் விலகி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் மேடையில் பேசியவர்களை வைத்து மட்டும் ஓர் இயக்கத்தை எடைபோடுவது பத்திரிகையாளரின் சோம்பல். ஊர்வலத்தில் நடந்தவர் கேட்டது தமது வயலையும் குளத்தையும்தான்.

1999இல் அவர்களுள் எழுவர் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்தனர். முதலாம் மனுதாரரின் பெயரால் புளன்குளம வழக்கு என்று சட்ட உலகில் இது அறியப்படுகிறது. அரசு தரப்பு மூன்று வாதங்களை முதன்மையாக வைத்தது. ஒப்பந்தம் இன்னும் கைச்சாத்திடப்படவில்லை. ஆதலால் மனு காலத்துக்கு முந்தியது. பொதுமக்கள் அனைவரையும் பற்றிய விடயத்தில் இந்த எழுவருக்குத் தனிப்பட வழக்காடும் தகுதியில்லை. ஸ்ரொக்ஹோம், றியோ பிரகடனங்கள் சட்டவலுவற்ற வெறும் கோட்பாடுகள்.

2000 ஜூன் 2ஆம் திகதி நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதிய தீர்ப்பு இம்மூன்றையும் நிராகரித்தது. ஏனைய இரு நீதியரசர்களும் அதனுடன் இணங்கினர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி, குன்று தோண்டப்பட்ட பிறகு வந்து முறையிடுவதில் பயனென்ன? உரிமை மீறப்படவிருக்கும் நிலையிலேயே பிரசை நீதிமன்றத்தை நாடலாம். ஒரு பொதுநலன் பலருக்கும் உரியதாக இருப்பதனால் அது எவருக்கும் தனிப்பட உரியதன்று என்று ஆகிவிடாது. நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசாங்கம் முதலாளியன்று. மக்களின் சார்பில் அதனைக் காக்கும் பொறுப்பாளர் மாத்திரமே. தேசிய சுற்றாடல் சட்டம் விதித்த சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை விலக்கி, கம்பனிக்கு வசதியான வேறொரு நடைமுறையை ஒப்பந்தத்துக்குள் எழுதிக்கொள்ள அமைச்சுக்கு அதிகாரமில்லை. இவையே தீர்ப்பின் சாரம். கனியப் படிவு முழுமையாக ஆராயப்பட்டு, அதன் பெறுபேறு பகிரங்கமாக வெளியிடப்பட்டு, சட்டப்படி சுற்றாடல் அனுமதியும் பெறப்படும் வரை எந்த ஒப்பந்தத்திலும் இறங்கக்கூடாது என்று உத்தரவிடப்பட்டது. அதன் பின்னர் அத்திட்டம் எழுந்திருக்கவேயில்லை.

தீர்ப்பை நான் முழுமையாகப் படித்தது பிந்தித்தான். சட்டப் பிரிவுகளுக்கிடையே மகாவம்சம் வருகிறது. மிகுந்தலை மலையில் வேட்டையாட வந்த தேவநம்பிய தீசனிடம் மகிந்த தேரர், நிலத்துக்கு நீ உரிமையாளன் அல்லன், காவலன் மட்டுமே என்று போதித்த செய்தியை நீதியரசர் எடுத்தாள்கிறார். சர்வதேச நீதிமன்றத்தின் பிரதித் தலைவராக விளங்கிய இலங்கையரான சி.ஜி. வீரமந்திரி 1997இல் ஹங்கேரி–ஸ்லோவாக்கியா இடையிலான டனியூப் அணை வழக்கில் எழுதிய தனித் தீர்ப்பும் இங்கே துணைக்கு வருகிறது. நிலைபேறான அபிவிருத்தி என்பது மேலைநாட்டார் நேற்றுக் கண்டுபிடித்ததன்று, இலங்கையின் பழைய குளங்களும் கால்வாய்களும் அதற்குச் சான்று என்பது வீரமந்திரியின் வாதம். அவருக்குப் பொஸ்பேற்று விவகாரம் புதியதுமன்று. நவுறு என்னும் பசுபிக் தீவு வெறும் 21 சதுர கிலோமீற்றர். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுப் பொஸ்பேற்று அகழ்வினால் அதன் நிலத்தில் பெரும்பகுதி வெறும் சுண்ணக்கல் முட்களாகிக் கிடந்தபோது, அதனைப் புனரமைப்பது பற்றி ஆராய 1980களின் பிற்பகுதியில் நியமிக்கப்பட்ட விசாரணைக் குழுவின் தலைவர் அவரே.

போர்நிறுத்த காலத்தில், 2003இல் என்று நினைவு, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் வழியில் எப்பாவலைக்குத் திரும்பினேன். பழைய பன்னிரண்டு வரிகள் மனத்தில் உறுத்தியதுதான் காரணம். ஜய கங்கையின் கரையில் மாலை வெயில். நான் எதிர்பார்த்த பிரமாண்டம் எதுவுமில்லை. மருத மரங்களின் நிழலில் மண்நிற நீர் அசைவே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. எருமைகள் அணையற்ற பக்கத்தில் இறங்கிக் கிடந்தன. கரையில் குளித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் சிங்களத்தைக் கேட்டதுமே எந்த ஊர் என்று விசாரித்தார். யாழ்ப்பாணம் என்றேன்.

"மாத்தையா, உங்கள் பக்கம் ஆறே இல்லையாமே. வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து?"

"மழையை நம்பித்தான் வயல், மாமா. தோட்டத்துக்கும் குடிக்கவும் கிணறு."

"கிணறு மட்டுமா?"

"கிணறு மட்டும்தான்."

அவர் சற்று யோசித்தார். "அப்படியென்றால் எங்களைவிட நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். இங்கே தண்ணீருக்கு ஏதாவது நடந்தால் கண்ணுக்குத் தெரியும். கிணற்றில் தெரியாதே" என்றார்.

வழக்குப் பற்றிக் கேட்டேன். கொழும்புக்கு பஸ் பிடித்து விசாரணை பார்க்கப் போன கதையைச் சொன்னார். ஆங்கிலத்தில் நடந்ததால் ஒன்றும் விளங்கவில்லையாம்.

2014ஆம் ஆண்டளவில் அந்த முதியவரின் சொல் என் நினைவுக்கு வந்தது. சுன்னாகத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் கிணறுகளில் எண்ணெய் படலமாக மிதப்பதாக முறைப்பாடுகள் குவிந்தன. அங்குள்ள அனல் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கியதே காரணம் என்று மக்கள் குற்றஞ்சாட்டினர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடி முழுவதும் சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரே எமது ஒரே நன்னீர்ச் சேமிப்பு. ஓரிடத்தில் விழுந்த நஞ்சு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உண்ணாவிரதங்கள், ஊர்வலங்கள், மல்லாகம் நீதிவான் நீதிமன்றில் வழக்கு என்று 2015இன் தொடக்கம் கழிந்தது. எனது சின்னம்மாவின் வீடும் அந்தப் பகுதியில்தான். பவுசரில் வரும் தண்ணீருக்காக வாளியுடன் காத்திருந்ததைத் தொலைபேசியில் சொல்லி அழுதார். அவர் மணமாகிப் போன நாளிலிருந்து இறைத்த கிணறு அது.

2015இல் உயர் நீதிமன்றத்தில் ஓர் அடிப்படை உரிமை மனு தாக்கலாயிற்று. மனுதாரர் சுன்னாகத்தவர் அல்லர்; சிங்களவரான ஒரு சுற்றாடல் ஆர்வலர். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன தீர்ப்பெழுதினார். நிலத்தடி நீர் மாசடைந்தமைக்குத் தனியார் மின் உற்பத்திக் கம்பனி பொறுப்பாளி என்றும், கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் கடமை தவறின என்றும் நீதிமன்றம் கண்டது. பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு கம்பனிக்கு உத்தரவிட்டது. அவ்வளவு பேருக்கு இரண்டு கோடி எம்மாத்திரம் என்று கேட்போருடன் எனக்கு முரண்பாடில்லை.

இந்தத் தீர்ப்பை வந்த வாரமே முழுமையாகப் படித்தேன். சுன்னாகத்தில் வசிக்காத ஒருவர் அம்மக்களுக்காக எப்படி வழக்காடலாம், இயற்கை வளத்துக்கு அரசின் பொறுப்பு யாது, மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பது எமது சட்டத்தின் பகுதியா என்ற கேள்விகளை ஆராயுமிடத்தில் முன்தீர்ப்பாகப் புளன்குளம வழக்கு வருகிறது. வாய்க்காலுக்காக எழுவர் பெற்ற சட்டம் அது. சுன்னாகத்துக் கிணறுகளுக்காக நீதியரசர் அதனைக் கையில் எடுத்தபோது, புதிதாகத் தொடங்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

பின்னர் ஒருநாள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், 2000 ஜூன் மாதக் கட்டைப் புரட்டி என் செய்தியைத் தேடினேன். பன்னிரண்டு அல்ல, பதினொரு வரிகள். ஜய கங்கையின் பெயர் அதில் இல்லை. திருகோணமலையின் பெயரும் இல்லை.

சின்னம்மாவுக்குத் தீர்ப்புச் செய்தியை நானே தொலைபேசியில் சொன்னேன்.

"ஆர் தம்பி வழக்குப் போட்டது?"

"சிங்கள ஆள் ஒருவர், சின்னம்மா. அதுக்கு முதலே எப்பாவல எண்டொரு ஊரில..." என்று தொடங்கினேன்.

அவர் இடைமறித்தார். "அதெல்லாம் இருக்கட்டும். கிணத்துத் தண்ணியை இனிக் குடிக்கலாமோ எண்டு அதில எழுதியிருக்கோ?"

எழுதியிருக்கவில்லை.